ஒரு புள்ளி

கசகசா வைத்த ரொட்டியை நீட்டிய பெண்
என் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தாள்.
"நீங்களும் மல்யுத்தமா?"

நசுங்கிச் சுருண்டு காலிஃபிளவராய் இறுகிய காது
எழுபத்தொன்பது வயதிலும்
காட்டிக்கொடுக்கிறது.
தேவாலயத்தில், பெட்டிக்குள் கிடந்தவன் காதும் அப்படித்தான்.
அதில் கொஞ்சம் என் முழங்கை செய்தது.

லாடிஸ்லாவ் கூபிச்செக். ஊருக்கு லாடி.
நூற்று நாற்பத்தேழு பவுண்டு.
மூன்று முறை தேசியப் போட்டி, இரண்டு பட்டம்.
நடுவில் ஒரு தோல்வி.
வாழ்நாளுக்கே அந்த ஒன்றுதான். அது நான்.

ஐம்பத்தெட்டு மார்ச், ஒன்பது நிமிடம்.
அதற்கு முன்னும் பின்னும்
ஒரு வார்த்தை பேசியதில்லை.
ஆனால் எடை இறக்க அவன் சப்பிய எலுமிச்சைத் தோலை
மூச்சில் முகர்ந்திருக்கிறேன்.
எந்த விலா துருத்தும் என்று தெரியும்.
நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று
என் முதுகுக்குத் தெரியும்.
நான் கட்டிய இரண்டு மனைவியரோடும்
அவ்வளவு நெருக்கத்தில் கிடந்ததில்லை.
உடும்புப்பிடி என்பார்கள்.
உடும்பை அறியேன். லாடியை அறிவேன்.

ஏழாவது நிமிடம்
என் வலது தோள் கழன்று மாட்டியது.
டக்கென்று ஒரு சத்தம்,
நாலாயிரம் பேர் கத்தலில்
எங்கள் இருவருக்கு மட்டும் கேட்டது.
நான் முனகினேன்.
அவன் பிடி தளர்ந்தது.

நழுவி எழுந்தேன். ஒரு புள்ளி.
அதற்கப்புறம் அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
நடுவர் தூக்கியது என் இடக்கையை.

அந்தப் புள்ளியை வைத்துத்தான் பிழைத்தேன்.
டல்சாவில் காப்பீடு விற்றபோது
கைகுலுக்கியதும் சொல்வேன்:
கூபிச்செக்கைத் தோற்கடித்தவன்.
கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.
முனகலை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

கூடத்தில் மகள்கள் நால்வர்
ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசினார்கள்.
அதிகாலை மூன்றுக்குப் பால் லாரி எடுப்பாராம்.
ஞாயிறு மதியம் நாலு பேரும் மேலே விழுந்து அமுக்க
கடைக்குட்டி விரிப்பில் அறைந்து எண்ணுவாளாம்.
வாரம் தவறாமல் தோற்பாராம் அப்பா.
(நான் ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.)
ரோமுக்கு ஆள் எடுத்த வருஷம்
பெட்டி கட்டிய காலையில் மூத்தவள் மார்லிஸுக்குக் கக்குவான்.
பெட்டியை அவிழ்த்தவர்
அதைப் பற்றிப் பேசியதே இல்லை.
அம்மா அதில் குழந்தைத் துணி அடுக்கினாள்.
பதக்கங்கள்?
"ஒன்று பூனைக் கழுத்தில் தொலைந்தது" என்றாள் பெர்னடீன்.
சிரித்தார்கள், பிறகு அழுதார்கள், பிறகு
காபி தீர்ந்துவிட்டதென்று ஒருத்தி எழுந்து போனாள்.

சக்கர நாற்காலியில் விளாஸ்தா.
ஆறு வருஷமாய்க் குளியல் தொட்டிக்குள்
அவளைத் தூக்கி இறக்கியவை அந்தக் கைகள்.
யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.
நிமிர்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.
"ஓ," என்றாள், "அந்தத் தோள்."

எனக்கு உட்கார நாற்காலி தேவைப்பட்டது.

"நிச்சயமாகி ஒரு மாதம் அப்போது.
ராத்திரி போன் செய்தார்.
தோற்றதைச் சொல்லவே இல்லை,
மறுநாள் பேப்பரில்தான் பார்த்தேன்.
ஒரு பையனுக்குத் தோள் கழன்றுவிட்டது,
என் கைக்குள்ளேயே கழன்றது என்றார்.
அப்புறமும் எப்போதாவது, பனி நாட்களில்,
அது சரியாயிற்றா தெரியவில்லையே என்பார்."

கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.
"சரியாயிற்றா?"

கோட்டைக் கழற்றி வலக்கையைத் தூக்கிக் காட்டினேன்.
காது வரை போகும்.
அதற்கு மேல் போகாது.

அவள் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள்,
யாருக்கோ போய்ச் சொல்ல வேண்டும் என்பதுபோல.

கிளம்பும்போது மார்லிஸ்
காகிதத்தில் நாலு ரொட்டி சுற்றிக் கொடுத்தாள்.
வெட்டிய சோளத்தட்டைகளுக்கிடையே அழுக்குப் பனி.
ஐநூறு மைல்.
வழியெல்லாம் மடியில் கசகசா.